கொடைக்கானல் ஏரியைக் காப்பது கட்டுபடியாகுமா? வரவு செலவுக் கணக்குப் போடும் முறை

மலை ஏரியைச் சுத்தமாக வைத்திருக்கப் பணம் ஒதுக்கச் சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "படகு வருமானமே கொஞ்சம்தான், அதற்கா இத்தனை கோடி?" என்பது ஒன்று. "ஏரிக்கெல்லாம் விலை வைக்க முடியுமா?" என்பது இன்னொன்று. இரண்டுமே பேச்சை அத்தோடு முடித்துவிடும். படகுக் கட்டணம் ஏரி தரும் பலனில் ஒரு சிறு துண்டு. மிச்சமெல்லாம் லாட்ஜ், குதிரை, சைக்கிள் வாடகை, டீக்கடை, வந்துபோகும் குடும்பங்கள் என்று பல பைகளில் விழுகிறது. செலவு மட்டும் ஒரே தலையில், நகராட்சியின் தலையில், ஏறுகிறது. இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டு, ஒரு மன்றக் கூட்டத்திலோ நீதிமன்றத்திலோ வைக்கும்படி எழுதுவது எப்படி என்று கொடைக்கானல் ஏரியை வைத்துப் பார்க்கலாம். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து உருவாக்கிய, ஏறத்தாழ 60 ஏக்கர் (24 ஹெக்டேர்) பரப்புள்ள ஏரி அது.

ஒரு எச்சரிக்கை: கீழே வரும் ரூபாய் எண்களும் பயணிகள் எண்ணிக்கையும் முறையை விளக்க எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எதை எதோடு ஒப்பிடுவது

"இன்றைய ஏரி, நாளைய ஏரி" என்று ஒப்பிட்டால் கணக்கு முதல் வரியிலேயே தவறிவிடும். ஒப்பிட வேண்டியது இரண்டு நாளைகளை. திட்டம் இல்லாவிட்டால் 20 ஆண்டுகளில் ஏரி எப்படி இருக்கும், திட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? ஒன்றும் செய்யாத ஏரி இன்று போலவே இருக்காது. வண்டல் ஏறும், களை கூடும், கரை உள்ளே நகரும். ஊட்டியில் இது கண்முன்னே நடந்தது. ஏரியின் ஒரு பகுதி தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் போய், பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் தரையாகிவிட்டது. அந்தப் பரப்பை இனி எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது.

எல்லையையும் முதலிலேயே எழுதி வையுங்கள். நீர் விளிம்பு மட்டும் ஏரி ஆகாது. மழை எந்தச் சரிவில் விழுந்தால் ஏரிக்கு வருமோ அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் கணக்கில் சேரும். 1:50,000 அளவுள்ள இந்திய நில அளவைத் துறை வரைபடத்தில் ஏரியைச் சுற்றியுள்ள மேடுகளின் முகட்டை இணைத்து வரைந்தால் போதும். உள்ளே வரும் வீடு, லாட்ஜ், தோட்டம், சாலை எல்லாவற்றையும் எண்ணுங்கள்.

எந்தப் பலன் உங்கள் ஏரிக்குப் பொருந்தாது என்பதையும் இப்போதே அடித்துவிடுங்கள். நைனிதாலில் ஏரிதான் ஊரின் குடிநீர் ஆதாரம். அங்கே ஏரி கெட்டால் மாற்றுக் குடிநீருக்கு ஆகும் செலவு முழுவதும் பலன் பக்கத்தில் ஏறும். கொடைக்கானல் நகரின் குடிநீர் மேலே உள்ள வேறு நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. நைனிதால் அறிக்கையைப் பார்த்து அந்தப் பத்தியைக் கொடைக்கானலுக்கு இறக்கினால், எதிர்த் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்து முழு அறிக்கையையும் தள்ளிவிடும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது

பணத்தைத் தொடுவதற்கு முன் இதை அளக்க வேண்டும். அமெரிக்காவின் டாஹோ ஏரி இதற்கு நல்ல பாடம். 1968-ல் அங்கே, நீரின் தெளிவை அளக்க இறக்கும் செக்கி தட்டு ஏறத்தாழ 31 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு தெளிவு குறைந்துகொண்டே வந்தது. ஊர்க் கழிவுநீரை ஏரிப் படுகைக்கு வெளியே கொண்டுபோன பிறகும் அது முழுதாகத் திரும்பவில்லை. காரணத்தைத் தேடியபோது 16 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள் பெரும் பங்கு வகிப்பது தெரிந்தது. அவற்றில் ஏறத்தாழ 72 சதவீதம் நகரப் பகுதியிலிருந்து, சாலையும் கட்டடமும் உள்ள நிலத்திலிருந்து, வந்தது. அதன் பிறகே சாலையைப் பெருக்குவதும் மழைநீர் வடிகாலில் வண்டல் பிடிப்பதும் செலவுப் பட்டியலின் மேலே ஏறின.

நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலும் முதல் எதிரி கழிவுநீரில் வரும் பாஸ்பரஸ்தான். ஒரு சிறு கணக்கு போட்டாலே அதன் பலம் தெரியும். ஒரு ஆளின் கழிவில் ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸ் இருக்கும். நடுவில் 1.5 கிராம் என்று வைத்தால், 1,000 பேரின் கழிவில் நாளுக்கு 1.5 கிலோ. 24 ஹெக்டேர் ஏரிக்குச் சராசரி ஆழம் 3 மீட்டர் என்று வைத்தால் நீர் 7.2 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 35 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டினால் ஏரி பாசி பிடிக்கும் வகையில் சேர்ந்துவிடும். 7.2 லட்சம் கன மீட்டருக்கு அந்த அளவு வெறும் 25 கிலோ. அதாவது 1,000 பேரின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் 17 நாள் வந்தாலே ஏரி முழுவதற்குமான எல்லை எட்டிவிடும். மழை ஏரியைக் கழுவிவிடும், செப்டிக் டேங்கைச் சுற்றியுள்ள மண் கொஞ்சம் பிடித்துவைக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் ஓடையோரம் நாலு லாட்ஜின் குழாய் நேராக வந்து விழுவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த எண் சொல்லிவிடும்.

அளக்க வேண்டியவை அதிகமில்லை. ஏரியில் சேரும் ஒவ்வொரு ஓடை வாயிலிலும் மாதம் ஒரு முறையும் கனமழை நாளிலும் மொத்த பாஸ்பரஸ். ஏரி நடுவில் மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் கரைந்த ஆக்சிஜன். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைச் செக்கி தட்டு எந்த ஆழத்தில் மறைகிறது என்பது. மழைநாளை விட்டுவிடாதீர்கள். ஆண்டு முழுதும் வரும் வண்டலில் பெரும்பகுதி சில பெருமழைகளில் வந்துவிடும். வெயில் நாளில் மட்டும் மாதிரி எடுத்த அறிக்கை ஓடையை உத்தமனாகக் காட்டும்.

செலவுப் பக்கம்

முதலில் தூர்வாருதல், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான் அதிகம். படம் எடுக்க நன்றாக இருக்கும், டெண்டர் விட எளிது, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் வரத்தை அடைக்காமல் தூர்வாரினால் சில ஆண்டுகளில் அதே வண்டல் திரும்பிவிடும். ஊட்டி ஏரிக்கு நகரக் கழிவைச் சுமந்து வரும் கோடப்பமந்து கால்வாயைச் சரிசெய்யாமல் ஏரிக்குள் மட்டும் இயந்திரம் இறக்குவதால் என்ன பலன் என்று அங்குள்ளவர்களைக் கேட்டாலே தெரியும்.

அளவு போட்டுப் பாருங்கள். 24 ஹெக்டேரில் அரை மீட்டர் வண்டல் எடுத்தால் 1,20,000 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 12,000 லோடு, அத்தனையும் மலைப்பாதையில். கன மீட்டருக்கு ₹500 என்றால் ₹6 கோடி. ஈர வண்டல் உலர இடம், போய்வரும் தூரம், சாலைப் பழுது இதில் சேரவில்லை.

கொடைக்கானலில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இயங்கி 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் சுற்றுப்புறத்தில் பரவியது. ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறை விஞ்ஞானிகளின் ஆய்வு 2006-ல் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதுதான் மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் வடிவம். கண்ணை மூடிக்கொண்டு சேற்றைக் கலக்கினால் அடங்கிக் கிடந்தது மேலே வரும். எடுத்த வண்டலை "நல்ல எரு" என்று பூண்டு, கேரட் வயலுக்கு அள்ளிக் கொடுத்தால் கேடு ஏரியிலிருந்து தட்டுக்குப் போகும். எனவே தூர்வாரும் மதிப்பீட்டில் மூன்று வரிகள் கட்டாயம் வேண்டும்: ஏரியைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வண்டல் மாதிரி சோதனை, மாசுள்ள வண்டலைப் பத்திரமாகப் போட இடம், வேலை நடக்கும்போது நீரில் பாதரச அளவைக் கண்காணிப்பது. இந்த மூன்றும் இல்லாத மதிப்பீடு மலிவாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம்.

பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அடுத்தது. இங்கே வழக்கமான பிழை, உள்ளூர் மக்கள்தொகைக்கு மட்டும் கொள்ளளவு போடுவது. கொடைக்கானல் நகராட்சியில் 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர். ஆளுக்கு 135 லிட்டர் நீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றால் ஆளுக்கு 108 லிட்டர். நாளுக்கு ஏறத்தாழ 39 லட்சம் லிட்டர். இப்போது சீசனைச் சேருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தது. வண்டிக்கு 4 பேர் என்றால் வார இறுதியில் 24,000 பேர். எல்லாரும் ஓரிரவு தங்கினால் இன்னும் 26 லட்சம் லிட்டர். உள்ளூர் அளவுக்குக் கட்டிய நிலையம் மே மாதத்தில் வழியும். வழிந்தது எங்கே போகும்? பள்ளத்துக்கு, அதாவது ஏரிக்கு. நகரம் முழுவதும் ஏரிச் சரிவில் இல்லை என்பதால், உங்கள் வரைபடத்துக்குள் வரும் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. வீட்டுக்காரர் தன் கழிப்பறையைச் சாக்கடையோடு இணைக்கக் கொடுக்கும் பணம், ஓடையோரம் கட்டடம் கட்ட அனுமதிக்காததால் நில உரிமையாளர் இழப்பது, ஓடையை ஒட்டிய தோட்டத்தில் உரம் குறைத்தால் குறையும் விளைச்சல். இவை நகராட்சிப் பட்ஜெட்டில் வராது, ஆனால் சமூகத்துக்கு உண்மையான செலவு. மறுபக்கம், ஜி.எஸ்.டி. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதுதான். நிதிக் கணக்கில் அது இருக்கட்டும், சமூகக் கணக்கில் எடுத்துவிடுங்கள். "இத்தனை பேருக்கு வேலை" என்று கூலியைப் பலன் பக்கத்தில் எழுதும் பழக்கமும் தவறு. கூலி செலவு. வேறு வேலை கிடைக்காதவருக்கு வேலை கிடைத்தால் அந்தக் கூலிச் செலவைக் குறைத்து மதிப்பிடலாம், அவ்வளவே.

வரவுப் பக்கம்: வந்துபோகிறவர்கள்

ஏரிக்கரைச் சாலையில் நடக்க டிக்கெட் இல்லை. ஆனால் அங்கே வந்து சேர ஒவ்வொரு குடும்பமும் பணமும் நேரமும் கொடுத்திருக்கிறது. தூரத்திலிருந்து வருகிறவர் அதிகம் கொடுக்கிறார், குறைவாக வருகிறார். அந்தச் சரிவிலிருந்து ஏரியின் மதிப்பைப் படிப்பதுதான் பயணச் செலவு முறை. பொருளாதார அறிஞர் ஹரால்டு ஹோட்டலிங் 1947-ல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குச் சொன்ன யோசனை இது.

நமக்கு இப்போது ஒரு வசதி உண்டு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. யாருடைய பெயரும் வேண்டாம், மாதவாரியாக வண்டி, ஆள், புறப்பட்ட மாவட்டம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் வண்டி நிறுத்துமிடத்தில் பதிவெண்ணைப் பார்த்து எண்ணலாம். டி.என். 57 என்றால் திண்டுக்கல், 58, 59, 64 மதுரை, கே.எல். கேரளம். வாடகைக் கார்களைத் தனியாக வையுங்கள். கொடை ரோடு ஸ்டேஷனில் ரயில் இறங்கிய சென்னைக் குடும்பம் திண்டுக்கல் பதிவு டாக்சியில் மேலேறும். அதை உள்ளூர் என்று எண்ணினால் மதிப்பு குறைந்துவிடும்.

மூன்று வளையம் மட்டும் வைத்து ஒரு மாதிரிக் கணக்கு. பக்கத்து மாவட்டங்கள்: ஆளுக்குச் செலவு ₹1,500, ஆயிரம் பேருக்கு 60 வருகை, மக்கள்தொகை 20 லட்சம். நடு வளையம்: ₹3,000, 40 வருகை, 50 லட்சம் பேர். தூர வளையம்: ₹5,250, 10 வருகை, 1 கோடி பேர். செலவு ₹75 கூடினால் ஆயிரத்துக்கு ஒரு வருகை குறைகிறது. ₹6,000-ல் யாரும் வரமாட்டார்கள். ஒரு வருகையில் பயணி தான் கொடுத்ததற்கு மேல் பெறும் உபரி, 6,000-லிருந்து தன் செலவைக் கழித்துப் பாதியாக்கினால் வரும்: ₹2,250, ₹1,500, ₹375. வருகைகள் 1.2 லட்சம், 2 லட்சம், 1 லட்சம். பெருக்கிக் கூட்டினால் 27 + 30 + 3.75 = ₹60.75 கோடி.

இங்கேதான் பலரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். அந்த ₹60.75 கோடி கொடைக்கானல் பயணம் முழுவதற்குமானது. அதில் குளிர், கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா எல்லாம் இருக்கின்றன. பழனியில் முருகனைப் பார்த்துவிட்டு மலையேறியவர்களின் செலவில் பழனிக்கு உரியதை முதலில் பிரிக்க வேண்டும். பிறகு ஏரியின் பங்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஏரி முக்கியமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "ஏரி பாசி பிடித்து நாறுகிறது, படகு ஓடவில்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்த முறை வந்திருப்பீர்களா? வந்திருந்தால் எத்தனை நாள் தங்கியிருப்பீர்கள்?" ஏரியின் பங்கு 20 சதவீதம் என்று வந்தால் ₹12 கோடி. ஏரி கெட்டாலும் அந்த மதிப்பு முழுவதும் போய்விடாது, பாதி போகும் என்றால் திட்டத்தால் காக்கப்படுவது ஆண்டுக்கு ₹6 கோடி. 60 எங்கே, 6 எங்கே? அந்த ஆறு நிற்கும், அறுபது குறுக்குக் கேள்வியில் விழுந்துவிடும்.

பயண நேரத்துக்கும் விலை உண்டு. மணிக்கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பது பரவலான வழக்கம். லாட்ஜ், கடை வரவில் மொத்த விற்பனையை எழுதாதீர்கள், செலவு போக மிஞ்சுவதை மட்டும் எழுதுங்கள். கொடைக்கானலை விட்டவர் மூணாறுக்கோ ஏற்காட்டுக்கோ போயிருந்தால், தமிழ்நாட்டுக் கணக்கில் ஏற்காட்டுக்குப் போனது இழப்பாகாது. நகராட்சிக் கணக்கில் அது இழப்பு. யாருடைய கணக்கு என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எழுதுங்கள்.

வராதவர்களும் ஏரி இருக்க வேண்டும் என்று நினைக்கலாம். அதை அளக்க ஒரே வழி கேட்பதுதான், கேட்பதிலும் நெறி உண்டு. 1989-ல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் எண்ணெய் கொட்டியதற்குப் பின், பொருளாதார அறிஞர்கள் கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை வகித்த குழு 1993-ல் தந்த பரிந்துரைகள் இன்றும் வழிகாட்டி. "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கக் கூடாது. ₹20, ₹50, ₹100, ₹200 என்று சீட்டுகளைக் கலைத்து, ஒருவருக்கு ஒரே தொகையைச் சொல்லி, சம்மதமா இல்லையா என்று கேட்க வேண்டும். அந்தப் பணம் வீட்டுச் செலவிலிருந்து குறையும் என்று நினைவூட்ட வேண்டும். "இல்லை" என்றவரிடம் காரணம் கேளுங்கள். "அரசாங்கம்தானே செய்யணும்" என்பவருக்கு ஏரி வேண்டாம் என்று பொருளில்லை. அவரைப் பூஜ்யமாக எண்ணாமல் தனியே காட்டுங்கள். மே மாதத்தில் மட்டும் கேட்டால் சீசன் கூட்டத்தின் குரல்தான் பதிவாகும்.

ஆண்டுகளைக் கூட்டும்போது

மூலதனம் ₹30 கோடி, பராமரிப்பு ஆண்டுக்கு ₹3 கோடி, பலன் ஆண்டுக்கு ₹7.5 கோடி (பயணிகள் 6, மிச்சமாகும் களை, தூர் செலவும் நோய்ச் செலவும் 1.5) என்று வைப்போம். 20 ஆண்டு, தள்ளுபடி வீதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு ஆண்டு குறைக்கும் வீதம்) 8 சதவீதம் என்றால் ஆண்டுத் தொகையைப் பெருக்கும் காரணி 9.818. பலன் முதல் ஆண்டே தொடங்கினால் 4.5 × 9.818 − 30 = ₹14 கோடி மிச்சம்.

ஆனால் ஏரி அவ்வளவு சீக்கிரம் தேறாது. சாக்கடையை அடைத்த பிறகும், அடிச்சேற்றில் தேங்கிய பாஸ்பரஸ் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் ஆண்டுக்கணக்கில் மேலே வந்துகொண்டிருக்கும். நைனிதாலில் 2007 முதல் ஏரியின் அடியில் காற்றைச் செலுத்துவது இதற்காகத்தான். பலன் 6-ம் ஆண்டில்தான் தொடங்கும் என்று வைத்தால் அதே கணக்கு ₹16 கோடி நஷ்டமாகத் திரும்பிவிடுகிறது. வீதத்தை 4 சதவீதமாக்கினால் நஷ்டம் ₹2 கோடியாகச் சுருங்கும். சாக்கடைக் குழாய் 20 ஆண்டில் செத்துவிடாது என்பதால் காலத்தை 40 ஆண்டாக்கி, 15-ம், 30-ம் ஆண்டுகளில் இயந்திரம் மாற்ற ₹6 கோடி வீதம் சேர்த்தாலும் ₹20 கோடி லாபம்.

ஏரி ஒன்றுதான், திட்டமும் ஒன்றுதான். முடிவைப் புரட்டுவது மூன்று எண்கள்: வீதம், காலம், தாமதம். இவற்றை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே மூன்று வகையாகப் போட்டுக் காட்டுங்கள். எல்லாத் தொகையையும் இன்றைய விலையில் எழுதினால் விலைவாசி நீக்கிய வீதத்தைத்தான் எடுக்க வேண்டும். வங்கி வட்டியை அப்படியே போடுவது அடிக்கடி நடக்கும் பிழை, அது எப்போதும் ஏரிக்கு எதிராகவே சாயும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடக்கூடாது என்பது 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படியே கடமை. ஏரி இல்லாவிட்டாலும் நகருக்கு அந்த நிலையம் வேண்டும். எனவே ₹30 கோடியையும் ஏரியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஏரிக்காகக் கூடுதலாகச் செய்வது மட்டும், அதாவது பாஸ்பரஸ் நீக்கும் கட்டம், ஓடை வாயில் வண்டல் தொட்டி, கரையோரக் குழாய், ஏரிக் கணக்கில் வரட்டும். திரும்ப மீட்க முடியாதவற்றை, தூர்க்கப்படும் பரப்பு, உணவில் ஏறும் பாதரசம், இந்தக் கூட்டலுக்குள் கொண்டுவந்து வீதத்தால் தேய்க்காதீர்கள். தாண்டக்கூடாத எல்லையாக முதலில் வைத்துவிட்டு, அதற்குள் எந்த வழி மலிவு என்று மட்டும் கணக்கிடுங்கள்.

யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார்

கடைசி அட்டவணை இது. பக்கவாட்டில் நகராட்சி, லாட்ஜ் உரிமையாளர், குதிரைக்காரர், கரையோரக் கடைக்காரர், சரிவில் உள்ள விவசாயி, வெளியூர்ப் பயணி. மேலே செலவு, வரவு, எந்த ஆண்டில். மேலே சொன்ன எண்களில் நகராட்சிக்கு ஆண்டுக்கு ₹3 கோடி பராமரிப்பு, பயணிகளுக்கு ₹6 கோடி பலன். 4.2 லட்சம் வருகையை வண்டிக்கு 4 பேராக வகுத்தால் 1.05 லட்சம் வண்டி. வண்டிக்கு ₹300, ஆளுக்கு ₹75, வாங்கினால் ₹3.15 கோடி, பராமரிப்பு முழுவதும் அடைபடும். அந்தப் பணம் பொதுக் கணக்கில் கரையாமல் ஏரிக்கென்று தனிக் கணக்கில் நிற்க மன்றத் தீர்மானம் வேண்டும். மூலதனம் கட்ட மானியம் கிடைத்துவிடும், பம்ப் ஓட்டக் கரன்ட் பில்லுக்குக் கிடைக்காது. சுத்திகரிப்பு நிலையங்கள் திறப்பு விழாவுக்குப் பின் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

குதிரைக்காரருக்கும் கடைக்காரருக்கும் வேலை நடக்கும் மாதங்களில் வருமானம் குறையும், பலனோ ஐந்தாறு ஆண்டு கழித்து. அந்த இடைவெளிக்கு ஒரு தொகையைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கரையோர வேலையைச் சீசன் இல்லாத ஜனவரி, பிப்ரவரியில் வைத்தால் அந்தத் தொகை குறையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும் என்பதால் தோண்டிய மண் ஏரிக்குள் கழுவிப் போவதும் குறையும்.